எண்ணெய் தெளிப்பான்: கழுவும் முறையும் கோளாறு நீக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோசைக்கல்லிலும் ஏர் ஃபிரையரிலும் எண்ணெய் தெளிக்கும் கைப்பம்ப் பாட்டில் இப்போது பல வீடுகளில் புழங்குகிறது. வாங்கிய முதல் மாதம் மென்மையான தூறலாகத் தெளிக்கும் அதே பாட்டில், பிறகு கம்பியாகப் பீய்ச்சத் தொடங்குகிறது. சில நாளில் அடைத்தும் போகிறது. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பழுது என்று ஒதுக்கப்படும் தெளிப்பான்களில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் கெடவில்லை; உள்ளே இருக்கும் எண்ணெய்தான் கெட்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

என்கிட்ட இருக்கிறது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கையால் இயக்கும் தெளிப்பான்கள் பொதுவாக இரண்டு வகை. முதலாவது விசை வகை. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலின் தலையில் ஒரு விசை இருக்கும். அதை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள சிறு பிஸ்டன் குழாய் வழியே எண்ணெயை உறிஞ்சி முன்னால் தள்ளும். இரண்டாவது காற்றழுத்த வகை. இதில் மூடியே பம்ப்பாக இருக்கும். அதை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அடித்து உள்ளே காற்றை அடைத்துவிட்டு, தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடைபட்ட காற்று எண்ணெயை வெளியே தள்ளும். இவற்றின் உடல் பெரும்பாலும் அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ இருக்கும்.

கடையில் எண்ணெயோடு சேர்த்தே விற்கப்படும் ஏரோசால் டப்பா இந்த இரண்டிலும் சேராது. அதை மீண்டும் நிரப்ப முடியாது, திறக்கவும் கூடாது. கீழே சொல்லியிருக்கும் எதையும் அந்த டப்பாவில் செய்து பார்க்க வேண்டாம்.

புதுசா வாங்கி எண்ணெய் ஊத்திட்டேன், எவ்வளவு அழுத்தினாலும் ஒண்ணும் வரலையே?

விசை வகையில் குழாயும் பிஸ்டன் அறையும் முதலில் காற்றால் நிரம்பியிருக்கும். அந்தக் காற்று வெளியேறி எண்ணெய் மேலே ஏறுவதற்குப் பத்து முறையாவது முழுமையாக இழுத்துவிட வேண்டும். பாதி இழுத்து விடுவதால் பயனில்லை. விசை கடைசிவரை போய், கடைசிவரை திரும்பி வர வேண்டும். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் குழாயில் எண்ணெய் ஏறுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஏறிய எண்ணெய் மறுபடியும் கீழே இறங்கினால், அடியில் உள்ள தடுப்பு வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். புதிய பாட்டிலில் இப்படி நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

காற்றழுத்த வகையில் கழுத்துவரை எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மீதி இடம் வீணாகக் கிடப்பதில்லை. அழுத்தத்தைச் சேமிக்கும் காற்று அங்கேதான் தங்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவணும்?

ஒவ்வொரு முறை எண்ணெய் தீர்ந்து மறுபடி நிரப்பும்போதும் கழுவ வேண்டும். அது தாமதமானால் மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். பழைய எண்ணெயின் மேலேயே புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு போவதுதான் அடைப்புக்கு முதல் காரணம், ஏனென்றால் அடியில் தங்கும் பழைய எண்ணெய் ஒருபோதும் முழுதாகத் தீர்வதில்லை. பாட்டில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மூன்று நான்கு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

சரியா எப்படிக் கழுவறது? உள்ளே கை போகாதே?

கை போக வேண்டியதில்லை. தெளிப்பானையே கொண்டு அதைக் கழுவிக்கொள்ளலாம். காற்றழுத்த வகையானால் முதலில் பொத்தானை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு, மூடியை மெல்லத் திருகித் திறக்க வேண்டும். மிஞ்சிய எண்ணெயை வடித்துவிட்டு, பாட்டிலின் கால் பங்குக்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும், பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு நான்கைந்து துளியும் விட்டு மூடிக் குலுக்குங்கள். பிறகு சமையலறைத் தொட்டியை நோக்கி அந்த நீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். முதலில் எண்ணெய் மட்டும் வரும். அடுத்து எண்ணெயும் சோப்பும் கலந்து வெளுத்த நீர் வரும். போகப்போக அது தெளியும். தெளிந்த நீர் வரத் தொடங்கியதும் நிறுத்திவிடாமல், குழாயிலும் முனையிலும் சோப்பு நீர் நின்றிருக்கும்படி கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி தெளியுங்கள். பிசுக்கு இளகுவதற்கு அந்த ஊறல் நேரம் மிகவும் தேவை.

முனையின் மூடி திருகிக் கழற்றத்தக்கதாக இருந்தால் கழற்றி, தனியே ஒரு கிண்ணச் சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான பழைய பல் தூரிகையால் தேயுங்கள். முனைமூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தால், நடுத்துளையைச் சுற்றி மெல்லிய பள்ளங்கள் சுழல்போல ஓடுவது தெரியும். எண்ணெயைச் சுழற்றித் தூறலாக உடைப்பவை அந்தப் பள்ளங்களே. தூரிகை முக்கியமாகப் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான். குழாயின் அடியில் சிறு வலை இருந்தால் அதையும் கழற்றி அலசுங்கள். கடைசியாகச் சோப்பில்லாத வெந்நீரை ஊற்றி, நுரை அடியோடு நிற்கும்வரை தெளியுங்கள்.

உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வருகிறதென்றால், கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். உப்பு நீர் முனைக்குள் காய்ந்தால் வெள்ளைப் படிவு விட்டுச் செல்லும். எண்ணெய் அடைப்பை நீக்கிய கையோடு உப்படைப்பை வரவழைத்துக்கொண்டதாகிவிடும்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினா இன்னும் நல்லாப் போகாதா?

பாட்டில் போய்விடும். பெட் பிளாஸ்டிக் 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகி உருக்குலையத் தொடங்கும். சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். மூடியின் வாஷரும் தன் இறுக்கத்தை இழக்கும். 45 முதல் 50 டிகிரி வரை, அதாவது கையைச் சில நொடிகள் வைத்திருக்க முடிகிற சூடு, போதுமானது.

வினிகர், சமையல் சோடா, சீயக்காய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

வினிகரும் எலுமிச்சைச் சாறும் எண்ணெயைக் கரைக்காது. மேலே சொன்ன உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு மட்டும் அவை கைகொடுக்கும். எனவே அடைப்பு வெள்ளையாகவும் மொரமொரப்பாகவும் இருந்தால் வினிகர். மஞ்சளாகவும் பிசினாகவும் இருந்தால் சோப்பும் சூடும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீயக்காய், பாத்திரம் துலக்கும் பொடி போன்றவற்றை உள்ளே விடவே கூடாது; அவற்றின் துகளே முனையை அடைத்துவிடும்.

சமையல் சோடா சற்று உதவும் என்றாலும் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும். சலவைச் சோடா அதைவிட வலிமையானது; காய்ந்து கெட்டியான பிசுக்கைக் கண்ணாடியிலிருந்தும் எவர்சில்வரிலிருந்தும் நன்றாகவே நீக்கும். ஆனால் அது அலுமினியத்தை அரித்துக் கருக்கவைக்கும் என்பதால், அலுமினிய உடலுள்ள காற்றழுத்தத் தெளிப்பானுக்கு அதைத் தொடவே வேண்டாம். மண்ணெண்ணெய், தின்னர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஆகியவற்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வாயில் போகும் எண்ணெயை வைக்கும் பாத்திரத்துக்குள் அவற்றை விடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

கழுவின உடனே எண்ணெய் ஊத்தலாமா? கொஞ்சம் ஈரம்தானே?

அந்தக் கொஞ்ச ஈரம் சூடான கல்லில் பட்டதும் ஆவியாகிப் படபடவென்று வெடித்து எண்ணெயை முகத்தில் தெறிக்கவிடும். உள்ளே தங்கினால் எண்ணெயைக் கலங்கவைத்து, சிக்கு வாடை அடிப்பதையும் விரைவுபடுத்தும். ஆகவே வெறும் பாட்டிலை வைத்துத் தூறல் அடியோடு நிற்கும்வரை விசையை இழுத்து, பிறகு தலையையும் பாட்டிலையும் தனித்தனியே கவிழ்த்து, ஒரு நாள் முழுதும் காற்றாட விடுங்கள்.

அப்படியும் பிஸ்டன் அறையில் ஓரிரு துளி ஒளிந்திருக்கும். புது எண்ணெய் ஊற்றியதும் முதல் ஐந்தாறு தெளிப்புகளை ஒரு கிண்ணத்தில் விட்டுக் கொட்டிவிட்டால் அதுவும் போய்விடும்.

எந்த எண்ணெய் ஊத்தினா அடைக்காது?

இதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. முதலாவது, எண்ணெய் எவ்வளவு எளிதில் பிசினாகும் என்பது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய எண்ணெய்ப் படலம் கெட்டியாகும் இயல்பை, அயோடின் எண் என்ற அளவு ஓரளவு காட்டிக்கொடுக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 10க்குள்ளும், கடலை எண்ணெய்க்கு 85 முதல் 100 வரையும், நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120 வரையும் இருக்கும். சூரியகாந்தி எண்ணெயில் அதற்கும் மேலே 140ஐ ஒட்டிப் போவதும் உண்டு. எண் கூடக்கூடப் படலம் விரைவில் பிசினாகும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துவதால், அதன் எண் காட்டுவதைவிட அது நன்றாகவே தாங்கும்.

இரண்டாவது, எண்ணெய் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பது. அறை வெப்பநிலையில் சமையல் எண்ணெய்கள் தண்ணீரைவிட ஏறத்தாழ 50 முதல் 70 மடங்கு கெட்டியானவை. 20 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 40 டிகிரியில் பாதியளவுக்குக் குறைந்துவிடும். அதனால்தான் சித்திரையில் தூறிய அதே பாட்டில் மார்கழிக் காலையில் பீய்ச்சுகிறது. தேங்காய் எண்ணெய் பிசினாகாது என்றாலும் 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். குன்னூரிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. நெய்யும் அப்படியே. அன்றாடத் தேவைக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ ஊற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சூரியகாந்தி எண்ணெயே வேண்டுமென்றால் தாராளமாக ஊற்றலாம். ஆனால் கழுவும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

மரச்செக்கு எண்ணெய்தான் வாங்குறோம். அதை ஊத்தக் கூடாதா?

ஊற்றலாம், தெளியவைத்த பிறகு. செக்கிலிருந்து வரும் எண்ணெயில் வித்தின் நுண்துகள் மிதக்கும். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம் என்பதால் அதன் கசடும் சிறிது கலந்திருக்கும். வாங்கியதை ஒரு வாரம் அசையாமல் வைத்து, அடிமண்டியைக் கலக்காமல் மேலாக இறுத்து, அதன் பிறகு நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியில் வடித்து ஊற்றுங்கள். மண்டியோடு கூடிய எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

பொரித்து மீந்த எண்ணெயை மட்டும் வடிகட்டியும் ஊற்ற வேண்டாம். துணியில் நிற்காத கரித்துகளும், சூட்டில் ஏற்கெனவே கெட்டிப்படத் தொடங்கிய எண்ணெயும் அதில் இருக்கும்.

தூறலா வராம கம்பி மாதிரி பீய்ச்சுதே, ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். எளிதிலிருந்து கடினத்துக்கு என்ற வரிசையில் பாருங்கள். முதலில் எண்ணெய் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் நிற்கவைத்துத் தெளித்தால் தூறல் திரும்பினால், கோளாறு எதுவும் இல்லை. காற்றழுத்த வகையானால், வெந்நீரில் வைக்கும் முன் உள்ளிருக்கும் காற்றை விட்டுவிடுங்கள். அடுத்தது வேகம். விசையை மெல்ல இழுத்தால் எந்தத் தெளிப்பானும் பீய்ச்சத்தான் செய்யும். தயக்கமின்றிச் சட்டென்று, கடைசிவரை இழுக்க வேண்டும். காற்றழுத்த வகையில் இதற்கு இணையானது அழுத்தக் குறைவு: எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் ஐந்தாறு முறை பம்ப் அடியுங்கள்.

இவை எதிலும் சரியாகவில்லை என்றால் முனைக்குள் பிசுக்கு சேர்ந்திருக்கிறது. கழுவும் பகுதியில் சொன்ன சுழல் பள்ளங்களில் ஒன்று அடைத்தாலும் எண்ணெய் சுழலாமல் நேராக ஓடிவரும். தூறல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவது இதற்குத் தெளிவான அடையாளம். அங்கே சொன்னபடி முனைமூடியைக் கழற்றி ஊறவைத்துத் தேயுங்கள். கழற்ற முடியாத முனையானால், தலையைக் கவிழ்த்து முனை மட்டும் மூழ்கும்படி வெந்நீர்ச் சோப்பில் சில மணி நேரம் வைத்துவிட்டு வெந்நீரைத் தெளியுங்கள்.

ஊசியால ஒரு குத்து குத்தினா அடைப்பு போயிடாதா?

அடைப்பு போகலாம், தூறலும் அதோடு போய்விடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் துளையின் விளிம்பு கூர்மையாக இருப்பதால்தான் எண்ணெய் உடைந்து சிதறுகிறது. ஊசி அந்த விளிம்பைச் சிதைத்துவிட்டால், அதன் பிறகு எவ்வளவு கழுவினாலும் கம்பியாகத்தான் வரும். வேறு வழியே இல்லையென்றால் பல் தூரிகையின் ஒற்றை நாரை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக நுழைத்து எடுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம்.

நாலஞ்சு தடவை நல்லா வருது, அப்புறம் விசை இறுகி நின்னுடுது. மூடியைத் திறந்து மூடினா மறுபடி வருது. இது என்ன மாயம்?

மாயமில்லை, காற்றுத்துளை அடைத்திருக்கிறது. விசை வகையில் எண்ணெய் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத் தலைப்பகுதியில் பிஸ்டனை ஒட்டி ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அது பிசுக்கால் மூடிக்கொண்டால், ஒவ்வொரு தெளிப்புக்கும் பாட்டிலுக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போய், வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்து எண்ணெயை உறிஞ்ச பிஸ்டனால் முடியாமல் போகும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலானால் பக்கங்கள் உள்வாங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

உறுதிசெய்ய, விசை இறுகும் நேரத்தில் மூடியைக் கால் திருகு தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, விசையும் இளகினால் ஐயமே இல்லை. தலையை முழுதாக வெந்நீர்ச் சோப்பில் ஒரு மணி நேரம் மூழ்கவைத்து, நீருக்குள்ளேயே விசையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அதுவரை அவசரத்துக்கு மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்துப் பயன்படுத்தலாம்; ஆனால் பாட்டிலைச் சாய்த்தால் எண்ணெய் ஒழுகும் என்பதை மறக்க வேண்டாம்.

இழுத்த விசை திரும்பி வராம அப்படியே நிக்குதே?

பிஸ்டனின் சுவரில் எண்ணெய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தி முனையால் நெம்பினால் விசையின் அச்சு ஒடியும். மேற்கண்ட மூழ்கவைக்கும் முறையையே செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஊறி இளகிய பிறகும் திரும்பவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கும்; அதற்குத் தலையை மாற்றுவதுதான் வழி.

பாட்டில்ல எண்ணெய் இருக்கு, ஆனா வெறும் காத்துதான் வருது?

பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கும்போது குழாயின் நுனி எண்ணெய்க்கு வெளியே வந்துவிடுகிறது. எண்ணெய் குறைவாக இருக்கையில் நிமிர்த்தியே தெளியுங்கள். குழாயை வளைத்துவிட முடியுமானால், அதன் நுனி முனை இருக்கும் திசையை நோக்கி இருக்கட்டும். முன்பக்கம் சாய்த்தாலும் எண்ணெய் கிடைக்கும். நிமிர்த்தியும் காற்றே வந்தால், குழாய் தலையிலிருந்து கழன்றிருக்கிறதா, அதில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றழுத்த வகை வைத்திருக்கிறேன். எத்தனை முறை பம்ப் அடித்தாலும் அழுத்தம் ஏறவில்லையே?

எங்கோ காற்று கசிகிறது. கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவிப் பம்ப் அடித்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். அநேகமாக அது வாஷராகவே இருக்கும்: இடம் பெயர்ந்திருக்கும், தூசி ஒட்டியிருக்கும் அல்லது எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெயில் உப்பும். சிலிக்கானும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரும் தாங்கும். மாற்று வாஷர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் கசிவில்லாமலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் பம்ப் தண்டின் நுனியில் உள்ள வளையம் வறண்டிருக்கலாம். அதற்கு ஒரு துளி சமையல் எண்ணெய் தடவினால் போதும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் வேண்டாம்.

எண்ணெய் கெட்டியா இருக்குன்னு கொஞ்சம் தண்ணி கலந்துக்கலாமா? பூண்டு, மிளகாய் போட்டு வைக்கலாமா?

தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஈரத்தைப் பற்றிய பதிலிலேயே சொல்லிவிட்டேன். பூண்டு அதைவிடக் கவலைக்குரியது. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பநிலையில் வைத்தால், காற்றில்லாத அந்தச் சூழலில் பொட்டுலினம் என்னும் உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும். வாடையோ நிறமோ மாறி எச்சரிக்காமலும் போகலாம். வாசனை வேண்டுமென்றால் சமைக்கும்போதே பூண்டைத் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பு எரியும்போதே தோசைக்கல்லில் தெளிக்கலாமா?

எரியும் அடுப்பை நோக்கித் தெளிக்கக் கூடாது. பாத்திரத்தில் நிற்கும் எண்ணெய் எளிதில் தீப்பிடிக்காது என்றாலும், காற்றில் சிதறிய நுண்துளி நெருப்பைத் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்தோ, கல்லைச் சற்று விலக்கி இறக்கியோ, மேலிருந்து கீழ்நோக்கித் தெளியுங்கள். தோசை வார்க்கும் வேகத்தில் இது தொல்லையாகத்தான் இருக்கும். வரிசையாகப் பத்துப் பேருக்கு வார்க்கும் நாளில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் வழக்கமே வசதி என்பது என் எண்ணம். தெளிப்பானை ஏர் ஃபிரையருக்கும் ஆப்பச் சட்டிக்கும் இட்லித் தட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு அழுத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருதுன்னு எப்படிக் கணக்குப் போடறது?

பாட்டிலுக்குப் பாட்டில் அது மாறும். சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, அதனுள் இருபது முறை தெளித்து, வந்த எடையை இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. கழுவிய மறுநாள் எடுத்த இந்த அளவைக் குறித்து வைத்தால் இன்னொரு பயனும் உண்டு: பிறகு ஒருநாள் அதே இருபது தெளிப்புக்கு எடை குறைந்து வந்தால், அடைப்பு தொடங்கிவிட்டது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எப்போ தூக்கிப் போடறது?

கண்ணாடி பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டிய தேவை அநேகமாக வராது. கழுத்தின் விட்டத்தையும் மரையையும் பொருத்திப் பார்த்து, உணவுக்கு ஏற்ற தலையை மட்டும் வாங்கி மாற்றலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு முறை சோப்பிட்டுக் கழுவிக் காயவைத்த பிறகும் சிக்கு வாடை நிற்கிறதென்றால், எண்ணெய் பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிட்டது. அதில் புது எண்ணெய் ஊற்றினால் ஒரே வாரத்தில் அதற்கும் வாடை ஏறும், ஆகவே மாற்றிவிடுங்கள். காற்றழுத்த வகையின் உடலில் நசுங்கலோ, கழுத்தில் விரிசலோ கண்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும். அழுத்தம் தாங்கும் பாத்திரத்தைப் பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது.